தறிக்குழிக்கு அடியில் ரோமாபுரி

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. மழைக்காலம் முடிந்த கையோடு தறிக்குழியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார் பெரியவர். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறி பெரும்பாலும் குழித்தறி. வீட்டுத் தரையிலேயே குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து நெய்வார்கள். அடைமழை பிடித்தால் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும், தறி நின்றுவிடும். ஊறிய சேற்றை வழித்து, அடியை மறுபடி கெட்டிப்படுத்துவது ஆண்டுதோறும் வருகிற வேலை.

வழித்துப்போட்ட சேற்றுக் குவியலில் நாலைந்து ஓட்டாஞ்சில்லுகள் கிடந்தன. ஒன்றைக் கழுவிப் பார்த்தேன். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு.

"இங்க எங்க கொத்தினாலும் ஓடுதான் சார் வரும், மண்ணு கம்மி" என்றார் பெரியவர். "எங்க பாட்டி காலத்துப் பானையா இருக்கும்."

பாட்டிதான், ஆனால் எத்தனையாவது பாட்டி என்பதில்தான் கணக்கு உதைக்கிறது. கறுப்பு-சிவப்புப் பானை என்பது தமிழகத்தில் சங்க காலத்துக்கும் அதற்கு முன்பும் புழங்கியது. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கும். அந்தச் சூளை நுட்பம் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி வந்து இப்போது சேற்றோடு சேறாகக் கிடக்கிறது. ஒரு சில்லை வைத்துக் காலம் சொல்வது சரியில்லை. அது எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரிய வேண்டும். தறிக்குழியில் அடுக்கு ஏது? ஆண்டுக்கு ஒருமுறை கலக்கிய குழம்பு அது.

பெரியவர் அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "அம்மன் கோயில் பக்கம் தோண்டினப்போ ரோமாபுரிச் சாடி கிடைச்சதாமே, நெசமா சார்?"

பெரிய காஞ்சிபுரத்தில் ஐம்பது ஆண்டாக உலவுகிற பேச்சு அது. பதிலை ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது.

1969 முதல் 1970-களின் நடுப்பகுதிவரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறை காஞ்சியில் அகழாய்வு செய்தது. டி.வி. மகாலிங்கம், கே.வி. ராமன் போன்றவர்கள் முன்னின்று நடத்தினார்கள். காமாட்சியம்மன் கோயிலை ஒட்டிய பகுதியில் தோண்டிய குழிகளில் மேலே இடைக்காலம், அதற்குக் கீழே பல்லவர் காலம், அதற்கும் கீழே கறுப்பு-சிவப்புப் பானை புழங்கிய காலம் என்று ஊர் அடுக்கடுக்காக விரிந்தது. சாதவாகனர் காலத்துத் தடயங்கள் வந்தன. பௌத்தக் கட்டடம் எனக் கருதப்பட்ட செங்கல் கட்டுமானம் வந்தது. அங்கே கிடைத்த ஓடு ஒன்றில் பிராமி எழுத்தில் 'புதலதிச' என்று படிக்கப்பட்ட பெயர் இருந்தது; பௌத்தத் துறவி ஒருவர் பெயராக இருக்கலாம் என்றார்கள். இவற்றோடு கூர்மையான அடிப்பக்கம் கொண்ட கூம்புச் சாடிகளும் நிறைய வந்தன. ஊர்ப்பேச்சில் 'ரோமாபுரிச் சாடி' ஆனது இவைதான்.

ரோமானியர்களின் ஆம்போராவும் கூரடிச் சாடிதான். இரண்டு கைப்பிடி, குறுகிய கழுத்து, கீழே முளை மாதிரி ஒரு கூர். தரையில் தானாக நிற்காது. நிற்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. கப்பலின் அடித்தளத்தில் ஒரு வரிசை நிறுத்தி, அதன் தோள்களுக்கு நடுவே அடுத்த வரிசையின் கூரைச் செருகி அடுக்குவார்கள். ஊற்றும்போது ஒரு கை கைப்பிடியைப் பிடிக்கும், மறு கை கூரைப் பிடித்துத் தூக்கும். மது, ஆலிவ் எண்ணெய், மீனைப் புளிக்கவைத்து எடுத்த சாறு ஆகியவையெல்லாம் இதில்தான் மத்தியதரைக் கடலெங்கும் போயின. இன்றைய தகர டின் மாதிரி. சரக்கு காலியானதும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

காஞ்சிச் சாடிகளை அகழ்ந்தவர்கள் அவை ரோமிலிருந்து வந்தவை என்று சொல்லவில்லை. ஆம்போராவைப் பார்த்து உள்ளூர்க் குயவர்கள் வனைந்த நகல் என்றே கருதினார்கள். ஊர்ப்பேச்சு 'நகல்' என்ற சொல்லை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டது. பேச்சை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்தில் அறிஞர்களே தென்னிந்தியாவில் எதைக் கண்டாலும் அதில் ரோமைத் தேடிய பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் பிறந்த இடம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கும் அரிக்கமேடு.

புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1930-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கிவந்த மணிகளைச் சேகரித்தார். அவற்றில் ஒரு கல்லில் செதுக்கியிருந்த தலை அகஸ்டஸ் சீசருடையது என்று அவர் நம்பினார். அப்படியானால் இங்கே மண்ணுக்குள் இருப்பது ரோமானிய நகரம் என்பது அவர் முடிவு. 1944-இல் மார்ட்டிமர் வீலர், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த புதிதில், சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றில் ஆம்போராவின் கழுத்தும் கைப்பிடியும் கிடப்பதைக் கண்டார். எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் புதுச்சேரிக்குக் கிளம்பிவிட்டார். மறு ஆண்டே அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சிவப்புப் பளபளப்புக் கிண்ணங்களின் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றில் குயவர் முத்திரையும் இருந்தது. இத்தாலியில் அந்த முத்திரைகளுக்குக் காலம் தெரியும். ஆகவே அவை கிடந்த அடுக்குக்கும் காலம் தெரிந்துவிட்டது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதல் கடிகாரம் கிடைத்தது அப்போதுதான்.

வீலர் 1946-இல் அறிக்கை எழுதியபோது 'ரோமானிய நகரம்' என்பதை 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்று ஒரு படி இறக்கினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி தோண்டியபோது அதுவும் ஒரு படி இறங்கியது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் வாழ்ந்த துறை, யவனர்கள் வந்துபோன துறை, அவ்வளவுதான். நகரம் நிலையமாகி, நிலையம் துறையானது. எனக்கு இது இறக்கமாகப் படவில்லை. ஊர் அதன் சொந்தக்காரர்களிடம் திரும்பி வந்திருக்கிறது.

கடிகாரம் கிடைத்த மகிழ்ச்சியில் வீலர் ஒரு தவறும் செய்தார். காஞ்சிக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு.

அரிக்கமேட்டில் ரௌலட்டட் தட்டு என்ற ஒன்று ஏராளமாகக் கிடைத்தது. காஞ்சியிலும் உண்டு, அழகன்குளத்திலும் உண்டு. கையில் எடுத்தால் விடவே மனம் வராது. மணல் கலக்காத நுண்மண், சாம்பல் நிறம், மேலே வழவழப்பான பூச்சு, சுண்டினால் உலோகம் மாதிரி ணங்கென்று ஒலிக்கும். தட்டின் உள்ளடியில் நடுப்புள்ளியைச் சுற்றி வட்ட வட்டமாக, ஊசி முனையால் குத்தியதுபோல் நுணுக்கமான கீற்றுகள். பாதி காய்ந்த தட்டைச் சக்கரத்தில் சுழலவிட்டு, பல்லுருளையை ஓட்டியோ, துள்ளும் மெல்லிய தகட்டை மேலே படவிட்டோ இதைச் செய்திருக்க வேண்டும். இவ்வளவு நேர்த்தி இங்கே ஏது, மத்தியதரைக் கடலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று வீலர் நினைத்தார். அந்த அலங்கார முறை அங்கே இருந்ததும் உண்மைதான். அந்த எண்ணம் பல பத்தாண்டு பாடநூலில் நின்றது.

அதைக் கலைத்தது மண்ணின் சாட்சி. பெக்லி 1980-களிலேயே அந்தத் தட்டின் காலத்தை கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கு முன்தள்ளி, அது இந்தியக் கைவேலை என்றார். ரோமானியக் கப்பல் பெருவாரியாக வருவதற்கு முன்பே தட்டு இங்கே இருந்தால், அது எப்படி ரோமானியக் கப்பலில் வந்திருக்கும்? பிறகு 1990-களில் ஆய்வகம் பேசியது. ஓட்டிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால், அதிலுள்ள கனிமப் படிகங்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய கோணத்தில் கதிரைச் சிதறவிடும். அந்தக் கோணங்களின் வரிசைதான் மண்ணின் கைரேகை. அரிக்கமேட்டு ஓடும், பாலித் தீவில் செம்பிரானில் கிடைத்த ஓடும் ஒரே கைரேகை காட்டின. அதற்கு ஒத்துவந்தது இத்தாலி மண் அல்ல; வங்காளத்தில் சந்திரகேதுகர், தாம்லுக் பக்கத்து மண் என்றார் வி.டி. கோக்டே. அவர் சொல்வது சரியென்றால், கங்கை முகத்துவாரத்தில் சுட்ட தட்டு ஒரு பக்கம் காஞ்சிக்கும் மறுபக்கம் பாலிக்கும் போயிருக்கிறது. மேற்கே பார்த்துக்கொண்டே நின்ற நமக்குக் கிழக்குக் கடல் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

கூரடிச் சாடிகளுக்கும் இதே மாதிரி ஒரு திருப்பம் வந்தது. ஓட்டைச் சீவி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனத்துக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டினால், வெளிச்சம் ஊடுருவும். நுண்ணோக்கியில் மணல் துகள் ஒவ்வொன்றும் தன் ஊரைச் சொல்லும். இத்தாலியின் வெசூவியஸ் எரிமலைப் பக்கத்து ஆம்போராவில் கறுப்புக் கறுப்பாக எரிமலை மணல் இருக்கும். அதைக் காப்பியடிக்க யாராலும் முடியாது. லண்டன் ஆய்வாளர் ரொபெர்ட்டா டாம்பர் இந்திய அருங்காட்சியகங்களில் 'ரோமானிய ஆம்போரா' என்று சீட்டு ஒட்டியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கணிசமானவை ரோமானியவை அல்ல, மெசபொடோமியாவின் 'டார்பிடோ' சாடிகள் என்று 2007-இல் எழுதினார். இவற்றுக்குக் கைப்பிடி கிடையாது, உடல் நீள உருளை, உள்ளே தார் பூசியிருக்கும். ரோமானிய மதுச்சாடியின் உட்புறம் பூசுவது மரப்பிசின். இங்கே பூசியிருப்பது ஈராக், ஈரான் பக்கத்து மண்ணில் ஊறும் தார். காலமும் வேறு. டார்பிடோ சாடி சாசானியர் காலத்திலும் தொடக்க இஸ்லாமியக் காலத்திலும் புழங்கியது. ரோமின் கதையாக நாம் படித்ததில் பாதி பாரசீக வளைகுடாவின் கதை.

ஆக, ஒரு கூரடிச் சாடி கிடைத்தால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ரோமிலிருந்து வந்தது, வளைகுடாவிலிருந்து வந்தது, இல்லையேல் உள்ளூரில் வனைந்தது. கண்ணால் பார்த்துச் சொல்கிற காலம் போய்விட்டது. காஞ்சியில் கிடைத்தவை உள்ளூர்ச் சாடிகள் என்றால், எனக்கு அதுதான் இன்னும் சுவையான சேதி. நிற்காத சாடியை ஓர் ஊர்க் குயவர் ஏன் வனைந்தார்? மண்ணில் பாதி புதைத்துவைத்துப் பயன்படுத்தவா? உள்ளே இருந்தது எண்ணெயா, கள்ளா, சாயமா? ஓட்டின் நுண்துளைகளில் உறிஞ்சிய கொழுப்பும் பிசினும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் பிடிபடும். இன்றைய வேதியியலுக்கு அது கைக்கு எட்டும் வேலை.

கடல் காஞ்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். அதனால் துறைமுகம் ஒன்று தனியாக வேண்டும். பாலாறு கடலில் கலக்கும் இடத்தில், கல்பாக்கத்துக்குத் தெற்கே, வசவசமுத்திரம் என்ற சிற்றூர் இருக்கிறது. சமுத்திரம் என்று பெயரிலேயே இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. தமிழ்நாடு தொல்லியல் துறையின் தொடக்க ஆண்டுகளில் இரா. நாகசாமியும் அப்துல் மஜீதும் அங்கே அகழ்ந்தார்கள். ஆம்போரா ஓடுகளும் ரௌலட்டட் ஓடுகளும் கிடைத்தன. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உறைகிணறுகளும் செங்கல் தொட்டிகளும் இருந்தன. பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையனின் கச்சியைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வழியில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தையும் பாடுகிறார். அது இந்த ஊரா, மாமல்லபுரமா என்று அறிஞர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பாட்டில் வரும் வேறொரு சிறு சங்கதி. எதையோ வருணிக்கும்போது உவமைக்கு யவனருடைய அன்ன விளக்கை எடுத்துக்கொள்கிறார் புலவர். உவமை என்பது கேட்பவருக்குத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். காஞ்சி மன்னனின் அவையில் யவன விளக்கு என்றால் யாரும் 'அது என்ன?' என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

கிழக்கிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. சீனத்து ஹான் வரலாற்றை எழுதிய பான் கு, தென்கடலுக்கு அப்பால் ஹுவாங்-சி என்ற நாட்டைக் குறிக்கிறார். கி.பி. 2-ஆம் ஆண்டில் அங்கிருந்து ஒரு காண்டாமிருகம் சீன அரசவைக்கு வந்ததாம். ஹுவாங்-சி என்பது காஞ்சிதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து, எல்லாரும் ஏற்கவில்லை. சீனத் தூதர்கள் கொண்டுவந்தது தங்கமும் பட்டுத்துணியும், வாங்கிப்போனது முத்தும் பளபளக்கும் கற்களும். காஞ்சிக்கே பட்டு கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் பிள்ளையார்பாளையத்தில் சண்டைக்கு வருவார்கள். இன்றைய காஞ்சிப் பட்டு நெசவு அந்தக் காலத்துத் தொடர்ச்சி அல்ல, பிற்காலத்தது என்பதால் இதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.

இவ்வளவு பழைய ஊர் என்றால் கண்ணுக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? வெளியூர் நண்பர்களை அழைத்துப்போகும்போதெல்லாம் வரும் கேள்வி இது. கைலாசநாதர் கோயிலைக் காட்டினால் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அதற்கு முந்தையது எங்கே?

அல்ஜீரியாவில் டிம்காட் என்று ஒரு ரோமானிய மாகாண நகரம் இருக்கிறது. கி.பி. 100-இல் டிரேஜன் பேரரசர் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காகக் கட்டியது. சதுரங்கப் பலகை மாதிரி தெரு, நாடக அரங்கு, நூலகம், குளியல் கூடம். ஊர் செத்துப்போனது, பாலைவன மணல் மூடியது. பிரெஞ்சுக்காரர்கள் 1881-இலிருந்து மணலை வாரியபோது நகரம் அப்படியே வெளியே வந்தது. இன்று விமானத்திலிருந்து பார்த்தால் வரைபடம் மாதிரி இருக்கும். ஒரு நகரம் முழுசாக நமக்குக் கிடைக்க வேண்டுமானால் அது செத்திருக்க வேண்டும்.

லண்டன் சாகவில்லை. அதுவும் ரோமானிய மாகாண நகரம்தான், லண்டினியம். கி.பி. 60 வாக்கில் பௌடிக்கா என்ற அரசியின் படை அதைக் கொளுத்தியது. எரிந்த களிமண் சுவர்கள் செந்நிற அடுக்காக இன்றும் வங்கிக் கட்டடங்களுக்கு அடியில் கிடக்கின்றன. 1954-இல் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்குக் கடைக்கால் தோண்டியபோது மித்ரா தெய்வத்தின் கோயில் வெளிப்பட்டது, ஊரே வரிசையில் நின்று பார்த்தது. 2010-க்குப் பிறகு அதே மனையில் மறுபடி தோண்டியபோது நானூறுக்கு மேற்பட்ட மர எழுத்துப் பலகைகள் கிடைத்தன. ஒன்றில் கி.பி. 57 ஜனவரி 8 என்று தேதியிட்ட கடன் பத்திரம். கடன்காரன் பெயர்கூடத் தெரிகிறது!

காஞ்சி லண்டன் வகை. பதஞ்சலி தன் இலக்கண உரையில் காஞ்சிபுரத்தானைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்காட்டாகச் சொல்லும் காலத்திலிருந்து இன்றுவரை இந்த ஊரில் அடுப்பு அணையவே இல்லை. பழைய வீட்டின் செங்கல்லைப் பெயர்த்துப் புது வீடு கட்டுவார்கள். கிணறு தூர்த்த இடத்தில் கொல்லை வரும். கொல்லையில் தறிக்கொட்டகை வரும். முந்தைய கட்டடங்கள் எதனால் ஆனவை என்பதற்குப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனே சாட்சி. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் ஒரு கோயில் செய்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்திருக்கிறான். இல்லாமல் செய்ததைப் பெருமையாகச் சொன்னால், மற்றதெல்லாம் அவற்றால்தான் கட்டியிருந்தார்கள் என்று பொருள். மரம் மக்கும், உலோகத்தை உருக்கிவிடுவார்கள், செங்கல் அடுத்த வீட்டுச் சுவராகும்.

லண்டனைப்போல் எரிந்த அடுக்கும் இங்கே கிடையாது. சாளுக்கிய விக்கிரமாதித்தன் எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்தான். ஆனால் கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் தூணில் பொறித்துவிட்டுப் போனான். நல்ல மனிதன். தொல்லியலாளருக்கு மட்டும் கொஞ்சம் நஷ்டம்.

அழியாமல் மிஞ்சியவை கல் உருவங்கள். யுவான் சுவாங் கி.பி. 640 வாக்கில் இங்கே வந்தபோது நூறுக்கு மேல் பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். ஊருக்குத் தெற்கே பெரிய மடமும், அசோகர் கட்டியதாகச் சொல்லப்பட்ட நூறடித் தூபியும் இருந்தனவாம். அந்த மடங்களில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. 1915-இல் து.அ. கோபிநாதராவ் காமாட்சியம்மன் கோயிலையும் அதன் சுற்றுப்புறத்தையும் துருவி, புத்தர் சிலைகள் பலவற்றைக் கண்டு எழுதினார். அவற்றில் ஏழடிக்கு மேல் உயரமான நின்ற புத்தர் இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கிறார். அவர் நின்றிருந்த தெருவில் இன்று பூக்கடையும் பட்டுக்கடையும்.

இத்தகைய ஊரில் தொல்லியலுக்குக் கிடைக்கிற சாளரம் சின்னது. ஒரு கடைக்கால் குழி, ஒரு கழிவுநீர்க் குழாய்ப் பள்ளம், ஓர் இடிந்த வீடு. பிரிட்டனில் பெரிய கட்டடம் எழுப்புகிறவர் பல சமயம் முதலில் அகழாய்வுக்குப் பணமும் நேரமும் ஒதுக்கியாக வேண்டும். கட்டட அனுமதியோடு அது நிபந்தனையாகவே வரும். அந்தக் கடன் பத்திரம் கிடைத்தது அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் ராஜ வீதி ஒன்றில் குழாய் பதிக்க வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் நான் அரை மணி நேரம் நின்றேன். பள்ளத்துச் சுவரில் மேலே தார், அதற்குக் கீழே ஜல்லி, அப்புறம் சாம்பல் படலம், அதற்கடியில் செங்கல் பொடி, ஆளுயரத்துக்கும் கீழே ஓடுகள் நெருக்கியடித்த கறுப்பு மண். ஒரு ஊரின் குறுக்குவெட்டு, நல்ல வெளிச்சத்தில். கைபேசியில் நாலு படம் எடுத்தேன். சாயங்காலம் போனபோது மண் மூடி, மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளையார்பாளையத்துக் குழி மறுநாள் முடிந்துவிட்டது. அடியைத் திமிசு போட்டு இறுக்கி, பக்கச் சுவரைப் பூசி, மிதிக்குக் கயிறு கட்டினார்கள். தறிக்கால் ஒன்று மட்டும் லேசாக ஆடியது. பெரியவர் குவியலில் கையை விட்டுத் துழாவினார். நான் கழுவி வைத்திருந்த சில்லுதான் கனத்துக்குச் சரியாக இருந்தது. அதைக் காலுக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். தறி ஆடவில்லை.